இல்லாமை எண் நான்கு

எலாடியோ ஒயார்சே சிற்பி. புகைப்படக் கலைஞனும்கூட. இரண்டில் ஒன்றை மட்டும் செய்திருந்தால் ஒரு தோல்வியோடு போயிருக்கும். வால்பரைசோ துறைமுக நகரின் மலைச்சரிவில், மாமியார் வீட்டு மாடியறையில், மனைவி மிர்த்தாவின் நர்ஸ் சம்பளத்தில், அவன் பல வருஷமாகக் கலை வளர்த்துக்கொண்டிருந்தான். கலை எவ்வளவு வளர்ந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அவன் தொப்பை வளர்ந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

மாமியார் ஒர்தென்சியா அம்மாள் பொறுமைசாலி. மருமகன் வேலைக்குப் போகாததைப் பற்றி அவள் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை, பெருமூச்சோடு நிறுத்திக்கொள்வாள். ஆனால் அந்த மார்ச் மாதம் ஒருநாள், சாயங்கால டீக்கு ரொட்டியில் அவகாடோ தடவிக்கொண்டிருந்தபோது, கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள்.

"மாப்ளே, என் தங்கச்சி மகன் டைல்ஸ் கடையில ஆள் தேடறான். பாத்ரூம் டைல்ஸ். வர்றவங்களுக்கு எது எதுக்குப் பொருந்தும்னு சொல்லணும். அதுவும் கலைதானே?"

எலாடியோ வாயிலிருந்த ரொட்டியை மெல்லாமலே விழுங்கினான். தனக்கு இன்னும் இரண்டு மாதத்தில் ஒரு தனிக் கண்காட்சி இருக்கிறது என்றும், தலைநகர் அருங்காட்சியகத்தின் இயக்குநர் வருஷத்துக்கு ஒருமுறை சின்ன கேலரிகளை யாருக்கும் சொல்லாமல் சுற்றிப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார் என்றும், இந்த வருஷம் அந்த ஒருவன் தான்தான் என்றும் சொன்னான். கடைசிப் பகுதியைச் சொல்லும்போது மிர்த்தா எழுந்து கெட்டிலைப் பார்க்கப் போய்விட்டாள்.

மாமியார் யோசித்து ஒரு நிபந்தனை போட்டாள். மியூசியம் கூப்பிட்டால் ஆயுசுக்கும் மாடியறை அவனுக்கு. கூப்பிடாவிட்டால், கண்காட்சி முடிந்த மறு திங்கட்கிழமை டைல்ஸ் கடை. எலாடியோ ஒப்புக்கொண்டான். அதற்குள் மறுபடி வாய் நிறைய ரொட்டி இருந்ததால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

அவன் நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவன் புதிதாக ஒன்று கண்டுபிடித்திருந்தான். நாற்காலி மெத்தைகளில் மனிதர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பள்ளம் விழுகிறதல்லவா, அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டிக் தாளை விரித்து, சீக்கிரம் இறுகும் சிமெண்டை ஊற்றுவான். காய்ந்ததும் எடுத்துப் பீடத்தில் வைப்பான். பக்கத்தில் அந்தக் காலி நாற்காலியின் புகைப்படம். 'இல்லாமை எண் ஒன்று', 'இல்லாமை எண் இரண்டு' என்று வரிசையாகப் பெயர். பக்கத்து வீட்டு ரிட்டயரான கப்பல் சமையல்காரர், முடிதிருத்துபவர், பல் டாக்டர் வரவேற்பறை என்று பலருடைய பள்ளங்களைச் சேர்த்தான். நான்காவது பள்ளம் மாமியாருடையது. ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சில் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் ஊற்றி எடுத்தான். தாளில் ஓட்டை இருந்ததால் மெத்தை நனைந்துவிட்டது. பழி பூனைமேல் விழுந்தது.

கண்காட்சி நடந்த கேலரியின் பெயர் 'அடித்தளம்'. அது இரண்டாவது மாடியில் இருந்தது. தகர வீடு, மரப்படி, கடலைப் பார்த்துச் சரிந்த தரை. சிற்பங்களைக் கட்டைவைத்து நிறுத்தாவிட்டால் தானாகவே மெதுவாக ஜன்னலை நோக்கி நகரும். அதன் நிறுவனர், இயக்குநர், பொருளாளர், பல்பு மாட்டுபவர் எல்லாமே ரெனாத்தா என்ற ஒரே பெண்மணி. கறுப்பு உடை மட்டும் அணிவாள். எந்தக் கேள்விக்கும் முதலில் கண்ணை மூடிக்கொள்வாள்.

சுவரில் ஒட்டுவதற்கான விளக்கக் குறிப்பை அவள் எலாடியோவின் வேலைகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி முடித்திருந்தாள். பார்த்தால் எழுத்தின் சுதந்திரம் கெட்டுவிடும் என்பது அவள் கட்சி. குறிப்பு இப்படித் தொடங்கியது: 'ஒயார்சே எதையும் காட்டுவதில்லை. காட்டாமலிருப்பதையும் அவர் மறுக்கிறார். விளிம்பின் மையத்தில் நின்று, இல்லாமையின் இருப்பைக் கட்டுடைத்து, உடல் என்னும் பிரதியை வெளி என்னும் மௌனத்துக்குள் மொழிபெயர்க்கிறார்.' எலாடியோ அதை மூன்று முறை படித்தான். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனாலும் நெஞ்சு நிறைந்துவிட்டது. தன்னைப் பற்றி இவ்வளவு புரியாமல் இதற்குமுன் யாரும் எழுதியதில்லை.

அடித்தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவலாளி வைக்க வசதியில்லாததால், யாருடைய கண்காட்சியோ அவரேதான் தினமும் வந்து அறையைக் காக்க வேண்டும். சாம்பல் நிற மேலங்கி ஒன்று ஆணியில் தொங்கும், அதை மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் உட்கார வேண்டும். ஊரிலிருக்கும் சின்ன கேலரிகள் எல்லாவற்றிலும் இதே கதைதான். ஆனால் மற்ற இடங்களில் இதற்குப் பெயர் பற்றாக்குறை. ரெனாத்தாவிடம் தத்துவம் இருந்தது.

"நீங்கதான் கலைஞர்னு யார்கிட்டயும் சொல்லக்கூடாது எலாடியோ," என்றாள் கண்ணை மூடிக்கொண்டு. "படைச்சவன் பக்கத்துல நின்னா படைப்பு மூச்சுத் திணறிச் செத்துரும். நீங்க இங்க இருக்கணும், ஆனா இல்லாம இருக்கணும். உங்க தலைப்பே அதானே."

அப்படியென்றால் மியூசியம் இயக்குநர் வந்தால் எப்படி அறிமுகப்படுத்திக்கொள்வது என்று அவன் கேட்டான். அதிகாரத்தின் முன்னால் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது விளிம்புநிலைக்குச் செய்யும் துரோகம் என்று அவள் சொல்லிவிட்டு, மேலங்கியைத் துவைத்துக் கொடுக்கும் பொறுப்பும் அவனுடையதுதான் என்று சேர்த்துக்கொண்டாள்.

திறப்பு விழா ஏழு மணி என்று போட்டிருந்தது. ஏழு மணிக்கு வந்தது மாமியார் மட்டும்தான். தட்டு நிறைய, கறி பொதிந்த எம்பனாடா சுட்டு, துணி மூடி, அத்தனை படியும் தூக்கிக்கொண்டு ஏறி வந்திருந்தாள். மற்றவர்கள் ஒன்பதுக்கு வந்தார்கள். இந்த ஊரில் எந்தக் கண்காட்சி திறந்தாலும் வருகிற அதே முகங்கள், எல்லோரும் கலைஞர்கள். சிற்பங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, அட்டைப்பெட்டி ஒயினைக் குடித்துக்கொண்டு, யாருக்கு அரசு மானியம் கிடைத்தது, யாருக்கு ஏன் கிடைத்திருக்கக்கூடாது என்று பேசினார்கள். ஒருவர் கோப்பையை இல்லாமை எண் இரண்டின் மேல் வைத்தார். எலாடியோ குறை சொல்லவில்லை. போன மாதம் அந்த மனிதரின் கண்காட்சியில் அவனும் அதைத்தான் செய்திருந்தான்.

ஒர்தென்சியா அம்மாள் மட்டும் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெயரைப் படித்தாள். நான்காவதின் முன்னால் வந்ததும் நகரவில்லை. புகைப்படத்தைப் பார்த்தாள், சிமெண்டைப் பார்த்தாள், இடதுபக்கம் கொஞ்சம் அதிகமாகப் புடைத்திருந்த இடத்தைக் கையால் தடவினாள். அவளுக்கு இடது இடுப்பில் வலி, அந்தப் பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவாள். எலாடியோ சுவரோடு சுவராக நின்றான்.

"பூனையை வீணாத் திட்டிட்டேன்," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குள் ரெனாத்தா மோப்பம் பிடித்து வந்துவிட்டாள். தலை நரைத்த ஒரு பெண் ஒரு படைப்பின் முன்னால் அசையாமல் நிற்பது அந்தக் கேலரியின் வரலாற்றில் முதல்முறை.

"அம்மா, இதுல எது உங்களைத் தொந்தரவு செய்யுது?"

"இடுப்புதான்," என்றாள் ஒர்தென்சியா அம்மாள்.

ரெனாத்தா அதைத் தன் நண்பர்களிடம் போய்ச் சொன்னாள். இரவு முழுவதும் அவர்கள் 'இடுப்பு' பற்றிப் பேசினார்கள்.

அதன்பிறகு காவல் நாட்கள் வந்தன. கேலரிக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. கழிப்பறை எங்கே என்று கேட்பவர்கள், ஜன்னலில் நின்று துறைமுகத்தைப் படம் பிடிப்பவர்கள். இயக்குநர் சொல்லாமல் வருவார் என்பதால் எலாடியோ யாரையும் விடவில்லை. காஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆளுக்குக்கூட எழுந்து வணக்கம் சொன்னான். உண்மையில் அந்த ஆள்தான் சிற்பங்களை அதிக நேரம் பார்த்தது. பார்த்துவிட்டு, எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டான்.

ஒருநாள் நடுத்தர வயதுத் தம்பதி வந்தார்கள். கணவர் ஒரு சுற்று சுற்றிவிட்டு, எலாடியோவின் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார், நாள்பூரா இதைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று. எலாடியோ கலைஞருக்காகப் பரிந்து பேசினான். இவர் மிக முக்கியமானவர், ஆழமானவர், இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளப்படாதவர் என்றான். அந்த அம்மாள் அவனைப் பாவமாகப் பார்த்தாள். போகும்போது அவன் கையில் ஒரு சாக்லேட்டைத் திணித்துவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானம் முழுக்க அவன் அந்தச் சாக்லேட்டைப் பிரிக்காமலே கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தான். அடுத்து வந்த மாணவி அதே கேள்வியைக் கேட்டபோது அவனுக்கு என்ன ஆயிற்றோ, வாய் தானாகத் திறந்துகொண்டது.

"உண்மையைச் சொல்லட்டுமா? இந்தப் போட்டோ கோணலா இருக்குல்ல, கேட்டா ஏதாவது தத்துவம் சொல்வாங்க. கை நடுங்கிருச்சு, அவ்வளவுதான். அந்தா அந்த மூணாம் நம்பர் இருக்கே, சிமெண்ட் பத்தலை. அதுக்கு மேல மண்ணைப் போட்டு மெழுகியிருக்கான். தட்டிப் பாருங்க."

மாணவி தட்டிப் பார்த்தாள். உள்ளே டொக்கு. அவள் சிரித்தாள், அவனும் சிரித்தான். பிறகு அவள் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கி, கேலரி மூடும்வரை போகவில்லை. எலாடியோவின் வேலையை ஒரு அந்நியர் அவ்வளவு நேரம் பார்த்தது அதுவே முதல்முறை. மறுநாள் அவள் தோழிகளைக் கூட்டிவந்தாள்.

ருசி கண்டுவிட்டான். அதன்பிறகு அவன் நாக்குக்குப் பூட்டே இல்லை. இந்த ஆள் இருபது வருஷமாக இதே வேலையைத்தான் வேறு வேறு பெயரில் செய்கிறான் என்றான். இவனுக்கு வெளிச்சம் எப்படி விழும் என்பது தெரியாது, அதனால் எல்லாப் படத்தையும் மேகமூட்டத்தில் எடுத்துவிட்டு 'துயரம்' என்கிறான் என்றான். மாமியார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்குக் காலி நாற்காலியைக் கண்டால் பயம் வரத்தானே செய்யும் என்றான். எல்லாமே உண்மை. இவ்வளவு வருஷமாக அவனுக்கே தெரிந்து, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தவை. சாம்பல் மேலங்கியை மாட்டிக்கொண்டதும் எல்லாம் சுலபமாக வந்தன, அவமானமாகக்கூட இல்லை. படியேறி ஆட்கள் வரிசையாக வந்தார்கள்.

பத்திரிகையில் விமர்சனம் வந்தது. முக்கால் பக்கம். அந்த ஊரின் ஒரே கலை விமர்சகர் எழுதியிருந்தார். இந்தப் பருவத்தின் மிகச்சிறந்த அனுபவம் அடித்தளத்தின் பெயர் தெரியாத காவலாளி என்றும், அவருடைய நேர்மை இன்றைய கலையில் அரிது என்றும் பாராட்டியிருந்தார். கடைசி வரியில் கலைஞருக்கும் இடம் இருந்தது: 'துரதிர்ஷ்டவசமாக, காவலாளியைச் சரியாகப் பார்க்க முடியாதபடி அறையில் சில சிற்பங்கள் குறுக்கே நிற்கின்றன.'

மிர்த்தா அதைச் சத்தமாகப் படித்தாள். மாமியார் பத்திரிகையை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை நெருங்குகிறது என்பதை மட்டும் நினைவூட்டினாள்.

ரெனாத்தாவுக்கோ தலைகால் புரியவில்லை. காவலாளியை அவள்தான் 'கருத்தாக்கம்' செய்ததாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, உடனே ஒரு கலந்துரையாடல் ஏற்பாடு செய்தாள். கலந்துரையாடலுக்குக் கலைஞர் வர வேண்டும். காவலாளி இல்லாமலும் நடத்த முடியாது, கூட்டம் வருவதே அவருக்காக. ஒரே ஆள் இரண்டு இடத்தில் எப்படி இருப்பது என்று எலாடியோ கேட்டான். ரெனாத்தா கண்ணை மூடினாள். திறந்தபோது வழி பிறந்திருந்தது. மேடையில் கலைஞருக்கு ஒரு காலி நாற்காலி போடப்பட்டது.

அன்று அவள் ஆற்றிய உரை இன்றும் அந்த ஊரில் பேசப்படுகிறது. "இந்தக் கேலரிக்குக் கலைஞர் தேவையில்லைங்கறதை நாங்க நிரூபிச்சிருக்கோம்," என்றாள். "படைப்பும் ரொம்ப அவசியம்னு சொல்ல முடியாது. பார்வையாளர் வந்தா நல்லது, வரலேன்னாலும் மானிய அறிக்கையில அவங்களை எழுதிக்க முடியும். கடைசில மிஞ்சறது என்ன? நான்... அதாவது, நிறுவனம்." பலமான கைதட்டல். பிறகு கேள்வி நேரம். எழுந்த ஒவ்வொருவரும் தன் சொந்த வேலையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசிவிட்டு, காலி நாற்காலியைப் பார்த்து, நீங்கள் இதை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டு உட்கார்ந்தார். நாற்காலி மிகவும் அடக்கமாக நடந்துகொண்டதாக எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எலாடியோ வாசலில் மேலங்கியோடு நின்று, நடுநடுவே கழிப்பறைக்கு வழிகாட்டினான்.

இயக்குநர் வந்தது கடைசி நாள், சனிக்கிழமை. மழை பெய்துகொண்டிருந்ததால் வேறு யாரும் இல்லை. குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்த கிழவரைப் பத்திரிகைப் படத்தில் பார்த்திருந்ததால் எலாடியோவுக்கு உடனே தெரிந்துவிட்டது. தோன் கசிமிரோ. எலாடியோ சட்டென்று எழுந்து நின்றான். இருபது வருஷமாக இந்த மனிதர் தன் கண்காட்சி வாசலில் நுழைவதைத்தான் அவன் தூக்கத்திலும் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிழவர் எல்லாவற்றையும் பார்த்தார். நான்காவதின் முன்னால் மட்டும் நின்றார். பிறகு திரும்பி, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்.

எலாடியோ தன்னைப் புகழ்ந்துகொள்ள வாயைத் திறந்தான். பழக்கம் விட்டுப்போயிருந்தது. ரெனாத்தாவின் குறிப்புதான் வந்தது. விளிம்பின் மையம், இல்லாமையின் இருப்பு. கிழவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு குடையைத் தேடினார். எலாடியோவுக்குக் கண் முன்னால் டைல்ஸ் கடை விரிந்தது, வெள்ளையும் நீலமுமாக, கூரைவரை. வேறு வழியில்லாமல் கோணல் போட்டோவிலிருந்து ஆரம்பித்தான். மண் மெழுகிய மூன்றாம் நம்பரைத் தட்டிக் காட்டினான். மேகமூட்டத்தைச் சொன்னான், பூனை வாங்கிய திட்டைச் சொன்னான். தோன் கசிமிரோ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

இதுதான் சமயம் என்று எலாடியோ மேலங்கியைக் கழற்றினான்.

"ஐயா, இதையெல்லாம் செஞ்ச கலைஞன் நான்தான்."

கிழவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"எங்க மியூசியத்துல இருக்கற காவலாளிங்க எல்லாருமே அதைத்தான் சொல்றாங்க தம்பி," என்றார். "பொய்யும் சொல்லலை. அத்தனை பேரும் கலைஞருங்கதான். ஆனா ஒருத்தருக்கும் உங்களை மாதிரி பேச வராது. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

அப்போ படைப்புகள் என்று எலாடியோ இழுத்தான். கிழவர் நாகரிகமானவர், முதலில் குடையை ஒருமுறை உதறினார். நான்காம் நம்பர் மட்டும் பரவாயில்லை என்றார், அதில் மட்டும்தான் நிஜமாகவே யாரோ உட்கார்ந்து எழுந்துபோன மாதிரி இருக்கிறது என்றார். ஆனால் அதை வாங்க முடியாது, மியூசியத்தின் இரண்டாவது மாடித் தரை தாங்காது. அந்த இரண்டாவது மாடியில்தான் ஒரு காவலாளி இடம் காலியாக இருக்கிறது, மாதச் சம்பளம், மதியச் சாப்பாடு, பென்ஷன் பிடித்தம் எல்லாம் உண்டு.

"திங்கக்கிழமை வர முடியுமா?"

எலாடியோ அன்று மலையேறி வீட்டுக்கு வர வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டான். மழையில் நனைந்தான். ஒரு இடத்தில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதான், அழும்போதே இதைப் படமெடுத்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியதும் அவனுக்கே வெறுத்துப்போய் எழுந்துவிட்டான். சமையலறையில் அம்மாவும் மகளும் டீக்கு உட்கார்ந்திருந்தார்கள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். மிர்த்தா அவன் தலையைத் துவட்டிவிட்டாள்.

ஒர்தென்சியா அம்மாள் பென்ஷன் பிடித்தத்தைப் பற்றி மட்டும் இரண்டாவது முறை கேட்டாள். பிறகு ஜன்னலைத் திறந்து எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, தன் மருமகனை மியூசியம் எடுத்துக்கொண்டுவிட்டது என்று சொன்னாள். அந்தத் தெருவில் ஒருவரும், எதற்கு எடுத்துக்கொண்டது என்று கேட்கவில்லை. மியூசியத்தில் சுவரில் தொங்குகிறவனுக்குப் பென்ஷன் உண்டா என்பது பற்றி மட்டும் கொஞ்சம் விவாதம் நடந்தது.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்னால் தலைநகர் சந்தியாகோ பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, மாமியார் ஒரு துணிப்பையைக் கொடுத்தாள். உள்ளே சாப்பாடு இருக்கும் என்று நினைத்தான். அவளுடைய நாற்காலி மெத்தை.

"அத்தை, உங்களுக்கு?"

"எனக்கு வேற தெச்சுக்கறேன். அங்க மர நாற்காலியாத்தான் இருக்கும். நாள்பூரா உக்காரணும்ல," என்றாள். "இதுல மறுபடி எதையும் ஊத்திராத மாப்ளே."

மர நாற்காலிதான். இரண்டாவது மாடி, மூலை அறை. எலாடியோ யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து மெத்தையைப் போட்டு உட்கார்ந்தான். அவனைப் போல இரண்டு பேரை உட்காரவைக்கும் பள்ளம், இடதுபக்கம் கொஞ்சம் கூடுதலாக இறங்கியது. அதை அளந்து, சிமெண்ட் ஊற்றி, படம்பிடித்து, பெயர் வைத்து, பீடத்தில் ஏற்றியவன் அவன். அதில் உட்கார்ந்தால் இவ்வளவு சுகமாக இருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது.

யாரோ வந்து கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். எழுந்திருக்காமலே கையைக் காட்டினான்.